கவரிமான் ப்ரோக்ராம்

எடை மேடைக்கு சி மொழியில் ப்ரோக்ராம் எழுதிய தெய்வானை, அதில் ஒரு வரி வைத்திருந்தாள்: எடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அபார்ட், அதாவது அங்கேயே உயிரை விட்டுவிடு.

எம்.டி. மகுடபதிக்குக் கோபம். "என் கம்பெனி ப்ரோக்ராம் நடுவுல சாகறதா? எது வந்தாலும் ஓடணும். வரியை எடும்மா."

"சரிங்க சார்."

மேடையை வாங்க வந்த மில்காரர்கள் கூடிய அறிமுக விழாவில், எல்லோரும் பார்க்க மேடையின் இரண்டு வொயரை இடம் மாற்றினாள் தெய்வானை. மேடையை மாட்டுகிற ஆட்கள் அடிக்கடி செய்கிற தப்பு அது.

"இப்ப ஏறுங்க சார்."

மாலையோடு ஏறினார். திரையில் மைனஸ் தொண்ணூறு கிலோ.

"ஐயா ஏறினதும் மேடை இளைச்சுப் போச்சுங்களே," என்றார் ஒரு மில்காரர். கூட்டம் சிரித்தது.

"ஏம்மா, இது நிக்க வேண்டாமா?" என்றார் மகுடபதி.

"சாகக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நான் முதல்ல எழுதினது கவரிமான் சாதிங்க சார். பொய் சொல்றதுக்குப் பதிலா உசுரை விட்டுரும்."

"எங்களுக்கு அந்தக் கவரிமானே போதும்," என்றார் மில்காரர்.

மகுடபதி தலையசைத்தார். வொயரைத் தொடாமல் வரியை மட்டும் திரும்ப எழுதினாள் தெய்வானை. அவர் மறுபடி ஏறினார்.

ப்ரோக்ராம் அந்த நொடியே செத்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.