சிரித்துக்கொண்டே வந்த நோயாளி

மூங்கில் காட்டில் உறுமல்நாதன் என்ற கரடி டாக்டராக இருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. இனத்தைப் பார்ப்பார், நோயைச் சொல்லிவிடுவார்.

யானை வந்தால் தலைவலி. அவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு வேறெங்கே வலிக்கும் என்பார். மான் வந்தால் பயம். குரங்கு வந்தால் கொழுப்பு. எல்லாருக்கும் ஒரே மருந்து, ஒரு கரண்டி விளக்கெண்ணெய். யாராவது மறுத்துப் பேசினால் உறுமுவார். கம்பவுண்டர் கொக்கு ஒற்றைக்காலில் நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும்.

ஒருநாள் காலை பூங்கோதை என்ற கழுதைப்புலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகத் தாங்க முடியாத வலி. ஆனால் கழுதைப்புலிகளுக்கு வலித்தாலும் சிரிப்புதான் வரும், அழுதாலும் சிரிப்புதான் வரும்.

"டாக்டர் ஐயா, உயிர் போகுது, ஹிஹிஹி" என்றாள்.

டாக்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உங்க கூட்டமே கேலிக்காரக் கூட்டம். உயிர் போறவ இப்படியா சிரிப்பா? வெளியே போ."

அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு கூடியது. கடைசியில் வெளியே தள்ளிவிட்டார்கள். நடக்கத் தெம்பில்லாமல் வாசலில் இருந்த புளியமரத்தடியில் சுருண்டு படுத்தாள். என்னைக் கேட்டால், அன்றைக்கு அந்த டாக்டரைத்தான் வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

மத்தியானம் டாக்டர் ஒரு பலாப்பழத்தைப் பிளந்தார். காலையில் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. சுளை எடுக்கப் பொறுமையில்லாமல், பிசினோடும் கொட்டையோடும் வாய் நிறைய அடைத்துக்கொண்டார். பிசின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒட்டிவிட்டது. கொட்டை ஒன்று தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு முட்டியது. காப்பாற்றச் சொல்லிக் கத்தினார். "உர்ர்ர்" என்றுதான் வந்தது.

வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக இரண்டடி பின்வாங்கினார்கள். டாக்டர் மேசையில் ஓங்கி அறைந்தார். கரடிகளுக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று மான் முணுமுணுத்தது. அவர் தரையில் விழுந்து உருண்டார். கோபம் முற்றினால் கரடிகள் இப்படித்தான் உருளும் என்று குரங்கு விளக்கம் சொன்னது.

கொக்கு பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தது. "உர்ர்ர்... எழுதிட்டேன் டாக்டர். மூணு வேளையா, ரெண்டு வேளையா?"

டாக்டரின் கண்கள் செருகத் தொடங்கின.

பூங்கோதை தலையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்று இருக்க, வாயில் வேறொன்று வரும் கஷ்டம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அவர் திட்டலை, சாகப் போறார்! கண்ணைப் பாருங்க, ஹிஹிஹி!"

வயிற்றைப் பிடித்தபடியே ஓடிவந்தாள். விளக்கெண்ணெய் ஜாடியை எடுத்து டாக்டரின் வாயில் கவிழ்த்தாள். பிசின் இளகி வாய் திறந்தது. முதுகில் ஒரு தட்டுத் தட்டும்படி வரிசையில் நின்ற யானையிடம் சொன்னாள். கொட்டை தெறித்துப் போய்க் கொக்கின் நெற்றியில் பட்டது.

டாக்டர் மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தார். எதிரே கழுதைப்புலி சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்களிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. காலையிலும் கொட்டியிருக்கும், அவர்தான் பார்க்கவில்லை. அவருக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

"எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து யாருமே கேட்டதில்லை. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கொக்கு திணறியது. டாக்டர் அவள் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். விழுங்கிய எலும்பு ஒன்று குறுக்கே நிற்பது கையில் தட்டுப்பட்டது. ஜாடியின் அடியில் மிச்சமிருந்த விளக்கெண்ணெயைக் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது சரியான நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. இல்லாத நோய்க்கு மருந்து குடித்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். டாக்டர் உறுமிக்கொண்டேதான் வந்தார். ஆனால் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு உறுமினார்.

இனத்தையும் குரலையும் வைத்து ஒருவரை முடிவு கட்டுகிறவன், எதிரில் நிற்பவரின் வலியைப் பார்க்காமலே போய்விடுகிறான்.