ரெக்ஸன் பார்த்த பக்கம்

காலில் பந்து இருந்தவரை இன்னாசி பூபாலராயனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. நாட்டுக்காகப் பல வருஷம் ஆடினவர். அவர் கோல் போட்ட மறுநாள் தூத்துக்குடியில் எந்த டீக்கடைக்குப் போனாலும் இடம் கொடுக்க ஆளாளுக்கு எழுந்திருப்பார்கள். பிறகு முழங்கால் போனது. ஆட்டம் நின்றது. மனுஷன் அணியைப் பயிற்றுவிக்கிற மேனேஜர் ஆனார். பிடித்தது சனி.

முதல் கிளப் ஒரே சீசனில் போதும் என்றது. இரண்டாவது கிளப் மாலை போட்டுக் கூப்பிட்டு வந்து, மழைக்காலம் முடிவதற்குள் வாசலைக் காட்டியது. மூன்றாவது, சொந்த ஊர்க் கிளப். இங்கேயும் கடைசி ஆட்டத்தில் கழுத்துக்குக் கத்தி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே ஆகவேண்டும். தோற்றாலும் சமன் செய்தாலும் கீழ்ப்பிரிவுதான். கீழே இறங்கினால் கிளப்பை மூடிவிடுவேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அப்புறம் பையன்களும் தெருவில், இவரும் தெருவில்.

இன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் காயல்பட்டினத்துக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், உடனே கெளம்பி வாரும். எனக்கு உயிர் போகுது."

மாஸ்டர் என்றால் சதக்கு. இன்னாசி வயதுதான். நாட்டு அணியில் இவர் முன்னால் கோல் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் பின்னால் கோல் காக்கிற கோலியாக நின்றவர். கதையில் வருகிற குருமார் மாதிரி, எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டார். அதனால்தான் கேலிக்கு 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார் இன்னாசி. ஒவ்வொரு இக்கட்டிலும் அவரிடமே போய் நின்றதில் கேலி எப்போது கழன்றுபோனது என்று அவருக்கே ஞாபகமில்லை.

சதக்கு பஸ்ஸில் வந்து இறங்கி நேராகப் பயிற்சி மைதானத்துக்கு வந்தார். பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லும்," என்றார்.

"அந்தா, ஒசரமா ஓடுதான் பாரும், ரெக்ஸன். முன்னால நின்னு அடிக்கிறவன். நான் வாரதுக்கு முன்னாடி கோலாக் குமிச்சிருக்கான். இப்ப கோல் முன்னால பந்து வந்தா மரம் மாதிரி நிக்கான். நாளைக்கு அவன எறக்கவா, உக்கார வைக்கவா?"

"அவனுக்கு நீரு என்ன சொல்லிக் குடுத்தீரு?"

"என்ன சொல்லிக் குடுக்கலன்னு கேளும். மைதானத்து வெளிக் கோட்டுப் பக்கத்துல நின்னு ஒவ்வொரு பந்துக்கும் கத்துதேன். திருப்பு, குடு, அடின்னு. தொண்டையே கட்டிப்போச்சு. நான் சொன்னதுல ஒண்ணாவது தப்பா? நீரே சொல்லும்."

"தப்பா இருக்காது. இதெல்லாம் உம்மளவிட யாருக்குத் தெரியும்?"

அதுதான் இன்னாசியின் வயிற்றெரிச்சலே. தனக்குத் தெரிகிறது, பையன் காலுக்குத் தெரியமாட்டேன் என்கிறது.

சதக்கு போய் கோலியின் கையுறைகளைக் கேட்டு வாங்கி வந்தார். இன்னாசியிடம் நீட்டினார்.

"கோல்ல போய் நில்லும்."

"நானா? நாளைக்கு மேட்ச் வே. வெளையாடுதீரா?"

"வெயில் ஏறுது. நில்லும்."

வாழ்நாளில் கோலுக்குள் நிற்காத மனுஷன் போய் நின்றார். தொந்தியும் கையுறையுமாகக் கோச்சைப் பார்த்துப் பையன்களுக்குச் சிரிப்பு. சிரிக்கவும் பயம். நிஜ மேட்ச் மாதிரி ஆடுங்கள் என்று சொல்லிவிட்டு சதக்கு கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பந்து ரெக்ஸனுக்கு வந்தது. ஒருவனை ஏமாற்றினான். அடுத்தவனையும் தாண்டினான். எதிரே இன்னாசி மட்டும்தான். ஆடுகிற காலத்தில் இந்த இடத்தில் இன்னாசியைக் கட்டிப்போட்டால்கூடக் கோல் அடித்திருப்பார். பையனோ தலையைத் திருப்பினான். ஒரு நொடிதான். அதற்குள் இன்னாசி மெதுவாக நடந்துபோய், கடையில் சாமான் எடுப்பதுபோல, காலடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை அவன் காலைத் தூக்கிவிட்டு, தலையைத் திருப்பி, காலைக் கீழே வைத்தான்.

"என்ன பாத்தீரு?" என்றார் சதக்கு.

"அடிக்க வேண்டிய நேரத்துல கோட்டுப் பக்கம் பாக்கான். நான் பேசினது வண்டி வண்டியா, காரியத்துல பூஜ்யம்."

"அங்க யாரு நிக்கா?"

"அங்க யாரு? நான்தான் இங்க நிக்கேனே. ஒருத்தரும் இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது இன்னாசியின் காதில் விழுந்தது. கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. அவர் எப்போதும் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது.

"அப்ப நாளைக்கு நான் வாயவே தொறக்கல மாஸ்டர்."

"வாயத் தொறக்காத ஆளத்தான் இன்னைக்கும் பாத்தான்."

"அப்ப மைதானத்துக்கே வராம இருந்திடவா?"

"இன்னைக்கு அங்க வந்தா நின்னீரு?"

"பின்ன என்னதான் செய்ய? எறக்கவா வேண்டாமா, அதையாவது சொல்லித் தொலையும்."

"இந்தப் பக்கம் நல்ல டீ எங்க கெடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே சதக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இன்னாசி ரெக்ஸனைத்தான் இறக்கினார். வேறு ஆளும் இல்லை. சதக்கு மாற்று ஆட்டக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். இன்னாசி கோட்டருகே, கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றார். ஒரு சத்தம் போடவில்லை. நெஞ்சுக்குள் மட்டும், திருப்பு, குடு, அடி என்று ஓயாமல் அடித்துக்கொண்டது.

பையன் பந்து வாங்கினான். கோட்டுப் பக்கம் பார்த்தான். வழக்கமான சத்தம் வரவில்லை என்றதும் இன்னும் திணறினான். பந்து பறிபோனது. திரும்பவும் அப்படியே. கூட்டத்திலிருந்து ஒருவன், "யோவ் இன்னாசி, பேசாம வீட்டுக்குப் போய்யா" என்றான். முதலாளி மேலே நாற்காலியில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோலுக்கு முன்னால் நம் பையன் ஒருவனை இடறி விழத்தட்டினார்கள். நடுவர் பெனால்டி கொடுத்தார். அடிக்கவேண்டியவன் ரெக்ஸன்.

அவன் பந்தைப் புள்ளியில் வைத்தான். நிமிர்ந்தான். கோலைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்தான்.

எதிரணிக் கோலி எந்தப் பக்கம் பாய்வான் என்று இன்னாசிக்கு நன்றாகத் தெரியும். கையைக் கொஞ்சம் அசைத்தால் போதும். அசைத்தால் பையன் குழம்பிவிடுவானோ? அசைக்காவிட்டால் மரமாக நின்றுவிடுவானோ? பாதி தூக்கிய கையை இறக்கினார். இறக்கிய கை தானாக மேலே எழும்பியது. தாங்கமுடியாமல் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்ச் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டார்.

"மாஸ்டர், காட்டவா வேண்டாமா? சீக்கிரம் சொல்லும்."

"என்ன ஏன் வே பாக்குதீரு?"

"வெளையாடாதேயும். அங்க அவன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கான்."

சதக்கு அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"இப்ப உம்ம முதுகத்தான் பாக்கான்," என்றார்.

நடுவர் விசில் ஊதினார். இன்னாசி திரும்புவதற்குள் பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தியது. யாரோ இன்னாசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அவர் விலக்கிக்கொண்டு பார்த்தபோது ரெக்ஸனைக் காணவில்லை. அவன்மேல் பையன்கள் குவியலாக விழுந்து கிடந்தார்கள்.

மிச்ச நேரத்தை எப்படியோ தள்ளினார்கள். கடைசி விசிலும் ஊதியாயிற்று. இன்னாசி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நான் பாக்கவே இல்ல மாஸ்டர்," என்றார். "எந்தப் பக்கம் அடிச்சான்?"

சதக்கு எழுந்து செருப்பைக் காலில் மாட்டினார்.

"அவன்கிட்ட கேளும்."