மூன்று பெட்டியும் ஒரு காவி வேட்டியும்

“மூணு கம்பெனி வாங்கிட்டேனுங்க சாமி. நாலாவது மட்டும் சிக்க மாட்டேங்குது” என்றார் செம்பியன்.

கோவையில் டிவியும் மிக்சியும் செய்து பெரிய ஆளானவர் அவர். பிறகு ஸ்பீக்கரில் இறங்கினார். நாமே செய்து பேர் எடுக்க முப்பது வருஷம் ஆகும். பேர் எடுத்தவனையே விலைக்கு வாங்கிவிட்டால் ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்தது. இது அவர் கணக்கு.

அப்படித்தான் ‘இடி’ வந்தது. திருவிழாப் பந்தல்காரர்கள் அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். அடுத்து ‘பனித்துளி’, வீணை கேட்கிறவர்களின் செல்லம். அப்புறம் ‘ரீங்காரம்’, டீக்கடைகளின் ராஜா.

நாலாவது ‘தேன்சிட்டு’. நாகர்கோவில் ஜெபராணியின் கம்பெனி. மனுஷக் குரலை அதைப்போல் எடுத்துச்சொல்ல வேறு பெட்டி கிடையாது. அதுவும் வந்துவிட்டால் செம்பியனை அசைக்க நாட்டில் ஆளில்லை. அதை வாங்க வெளிநாட்டுக்காரன் ஒருவனும் அந்த அம்மாள் வாசலில் நிற்கிறான்.

“என்ன சொல்றாங்க?” என்று குரு கேட்டார்.

“உங்க வீட்டுக்கு வந்தா என் பெட்டி ஊமையாப் போயிரும்கறாங்க. பிடிவாதமுங்க.”

குருவுக்கு மௌனசாமி என்று பெயர். நன்றாகப் பேசுவார். செம்பியனைவிடப் பத்து வயது இளையவர். கொல்லிமலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த மடம். லாபம் வந்தால் செம்பியனுக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாது. சிக்கல் வந்தால் கார் தானாகத் திரும்பிவிடும்.

“அந்த மூணையும் கொண்டாங்க” என்றார் குரு.

பெட்டிகள் வந்தன.

குரு தன் காவி வேட்டியைக் கொடியில் விரித்துப் போட்டார். அதன் பின்னால் மூன்றையும் வைத்தார். ஒரே பாட்டை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்.

“எது எதுன்னு சொல்லுங்க.”

செம்பியன் சிரித்தார். பெற்ற பிள்ளையின் குரல் தெரியாதா என்ன? முதலாவது இடி என்றார். அடுத்தது ரீங்காரம் என்றார். கடைசி பனித்துளி.

குரு வேட்டியை உருவினார்.

மூன்றுமே தப்பு. தேர்வீதியே அதிர முழங்குகிற இடியைப் போய்ப் பனித்துளி என்று சொல்லியிருந்தார்.

“மூணு வாங்கினேன்னு சொன்னீங்க” என்றார் குரு. “எனக்கு ஒண்ணுதானே கேக்குது?”

செம்பியன் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

சேலம் தாண்டுவதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. அந்த மூன்று கம்பெனியிலும் கேட்கும் அறை என்று ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்து கேட்கிறவர்கள் தலையாட்டினால்தான் பெட்டி வெளியே போகும். செலவு மிச்சம் என்று மூன்றையும் பூட்டிவிட்டு, கோவையில் ஒரே சோதனைக்கூடம் கட்டி, எல்லாவற்றையும் ஒரே அளவில் தட்டி எடுத்தவர் சாட்சாத் அவர்தான். அதற்கு ஒரு விருதுகூட வாங்கியிருந்தார். இப்போது நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்று அறைகளும் திறந்தன. கேட்கிற வேலை போனவர்களை அவரே நேரில் போய்க் கூப்பிட்டார். வீண் செலவு என்று கம்பெனிக்குள் பல்லைக் கடித்தார்கள். கடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மாசிக்கு மேல் மறுபடி மடத்துக்கு வந்தார். கூடவே ஜெபராணி. கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்து வந்திருந்தார். கேட்டுவிட்டு உடனே போய்விடுவேன் என்று சொல்லித்தான் அந்த அம்மாள் காரிலிருந்தே இறங்கினார்.

அதே கொடி. அதே வேட்டி. குரு அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் பெட்டி முழங்கியது. புளியமரத்துக் குரங்குகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஓடின.

“இடி” என்றார் ஜெபராணி.

அடுத்ததற்குக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

“பனித்துளி.”

மூன்றாவது தொடங்கியதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரீங்காரம். டீ வாசனையே வருதுல்லா.”

வேட்டி விலகியது. மூன்றும் சரி. செம்பியனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வயதிலும் ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது.

ஜெபராணி அவர் பக்கம் திரும்பினார்.

“எனக்க கேக்குற அறைச் சாவி யாருட்ட இருக்கும்?”

“உங்க இடுப்புலயே இருக்கட்டுமுங்க. நீங்க தலையாட்டாம ஒரு பெட்டி வெளிய போகாது. நானே கேட்டாலும் போகாது.”

கார் கதவு ஜெபராணி திறந்துவைத்தபடியே கிடந்தது. நடந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்தார்.

குரு வேட்டியை மடித்துக்கொண்டே கேட்டார்: “செம்பியன், இப்ப எத்தனை கேக்குது?”

“மூணுங்க சாமி.”

“நாலுன்னு வச்சுக்கிடுங்க” என்றார் ஜெபராணி.