வாய் இல்லாத உரு

ஊருக்குத் தெற்கே ஐயனார் காடு. காட்டுக்குள் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை. அந்த நேரத்தில் குதிரைகள் கண் சிமிட்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

காட்டோரத்து இடிந்த மண்டபத்தில் குருவம்மா இருந்தார். கூட அவருடைய சீடர் மாசிலாமணி. குருவைவிடச் சீடருக்குத்தான் நரை அதிகம். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஞானம் தேடி வந்த மனிதர். வந்த இடத்தில் கைக்குக் கிடைத்தது விளக்குமாறு. ஐயனார் வாசலைக் கூட்டுவதுதான் அவருக்கு இட்ட வேலை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் எங்கே துன்பமோ அந்த உறுப்பை மண்ணில் செய்து சுட்டு, ஐயனார் முன்னால் வைத்து வேண்டிக்கொள்வார்கள். கால்வலிக்குக் கால், கண்நோவுக்குக் கண். யாருக்காக வைத்தோம் என்று மட்டும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேண்டுதல் பலிக்காது.

ஒருநாள் வாசலில் ஒரு கை கிடந்தது. சின்னக் கை. மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. சில நாள் கழித்து ஒரு பாதம் வந்தது. அதன் அடிப்பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாக மண்ணை ஒட்டியிருந்தார்கள். அப்புறம் ஒரு காது.

மாசிலாமணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளவு ஒத்துப்போனது.

“அம்மா, காட்டுல ஒரு பிள்ளை துண்டு துண்டா வந்துக்கிட்டிருக்கு.”

“எங்கேருந்து வருது?”

“தெரியலம்மா. பேய் வேலையா இருக்குமோன்னு பயமா இருக்கு.”

“மண்ணைப் பிசைஞ்சு சூளையில சுடுற பேயை நான் பார்த்ததில்ல. போய் வேளாரைக் கேளு.”

மண் உரு செய்கிற வேளார் மறைக்கவில்லை.

“மூணும் நான் சுட்டதுதான். கை, வைத்தியர் கேட்டாரு. பாதம், தலையாரி. காது, பள்ளிக்கூடத்து வாத்தியார்.”

“யாருக்குன்னு கேட்டீங்களா?”

“கேக்குற வழக்கம் இல்லீங்களே.” வேளார் சக்கரத்தை நிறுத்தினார். “ஆனா ஆளாளுக்குத் தனியா வந்தாலும், மூணு பேரும் ஒரே அளவைக் காட்டினாங்க. அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலைங்க.”

மாசிலாமணி திரும்பி வந்து குருவம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

“மூணு பேருமே நெஞ்சுல ஈரமுள்ளவங்க. பிறத்தியார் பிள்ளைக்காக வேண்டிக்கிட்டவங்க. இப்படி நல்லவங்க இருக்குற ஊர்ல ஒரு பிள்ளைக்கு எப்படிம்மா கெடுதல் வரும்?”

குருவம்மா எழுந்தார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். கடைசிக் குதிரைக்குப் பின்னால் மக்கிக் கிடந்த சருகைக் கூட்டி ஒதுக்கினார்.

அடியில் மண் உருக்கள் இருந்தன. பாசி ஏறிய பழைய உருக்கள். கை, கால், மார்பு, காது, கண் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, ஒரு குழந்தை மல்லாந்து தூங்குவதுபோல் கிடந்தது. காதுத் துளையிலிருந்து எறும்புகள் வந்துகொண்டிருந்தன.

“நான் இங்கே வந்தப்பவே சிதறிக் கிடந்துச்சு. சேர்த்து வச்சது மட்டும்தான் நான்.”

“அந்தப் பிள்ளை என்னாச்சும்மா?”

“எல்லா உறுப்பும் வந்து சேர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் யாரும் எதுவும் கொண்டுவரல.”

மாசிலாமணி குனிந்து, காதில் ஊர்ந்த எறும்புகளைத் துண்டால் தட்டிவிட்டார்.

“போய் மூணு பேரையும் கூட்டிட்டு வா. ஒண்ணா வரணும்.”

“உச்சிப்பொழுதாச்சேம்மா. வரமாட்டாங்க.”

“இப்ப வந்துக்கிட்டிருக்குற பிள்ளைக்கும் இதே உச்சிப்பொழுதுதான்.”

வந்தார்கள். குதிரைகளை நிமிர்ந்து பார்க்காமல் வந்தார்கள். குருவம்மா ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கையையும் பாதத்தையும் அதனதன் இடத்தில் வைத்தார். பிறகு ஈரமண்ணை எடுத்து ஒரு தலை பிடித்தார். கண்ணைக் கீறினார். மூக்கைக் கிள்ளி எடுத்தார். காதை ஒட்டினார். வாய் வைக்கவில்லை.

“வச்சவங்க, யாருக்கு வச்சீங்கன்னு சொல்லுங்க.”

“சொன்னா பலிக்காதேம்மா” என்றார் வைத்தியர்.

“சொல்லாம இருந்தீங்களே, பலிச்சுதா?”

வைத்தியர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய வீட்டுச் செவந்தி. தாய் தகப்பன் இல்லாம பெரியப்பன்கிட்ட வளருதே, அந்தப் பிள்ளை. ஊஞ்சல்லேருந்து விழுந்துடுச்சுன்னு பெரியப்பன் கூட்டிட்டு வந்தாரு. விழுந்தா எலும்பு முறியும், இப்படி முறுக்கிக்காது. எனக்குத் தெரிஞ்சுது. கட்டுறதோட என் வேலை முடிஞ்சுதுன்னு கட்டி அனுப்பிட்டேன்.”

“செவந்தியா?” வாத்தியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் காது வச்சதும் அவளுக்குத்தான். இடப்பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டா. கவனமில்லன்னு நான் வேற அதட்டியிருக்கேன். அவ பெரியப்பனைக் கேட்டேன். பிறவியிலேயே அப்படின்னாரு.”

தலையாரி தடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வெறுங்காலோட ஆத்துமணல்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. உள்ளங்கால் வெந்துபோச்சு. எங்கே ஓடுறேன்னு கேட்டேன், பதில் இல்ல. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு…”

“போட்டுக்கிட்டு?”

“அந்தப் பெரிய வீட்லயே கொண்டுபோய் விட்டேன்மா. ‘விளையாட்டுப் பிள்ளை, ஓடிடுச்சு’ன்னு பெரியப்பன் சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டு வந்தேன்.”

திருடனைக் கண்டு ஒதுங்காத மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒருவரும் தேற்றவில்லை. தேற்றுகிற தகுதி அங்கே யாருக்கும் இல்லை.

“வாய் யார்கிட்ட இருக்கு?” என்றார் குருவம்மா.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவம்மா அவர்களைப் பார்க்கவில்லை. மாசிலாமணியைப் பார்த்தார்.

மாசிலாமணி துணியின் ஓரத்தில் மண்டியிட்டார்.

“வாசல் கூட்டிக்கிட்டிருந்தேன். ஒரு பிள்ளை வந்து நின்னுச்சு. ‘தாத்தா, நான் இங்கேயே படுத்துக்கட்டுமா’ன்னு கேட்டுச்சு. கையில சுண்டலைக் கொடுத்து, ‘வீட்ல தேடுவாங்க, போம்மா’ன்னு…”

குருவம்மா கட்டைவிரலால் மண்ணை அழுத்தினார். வாய் வந்தது.

காட்டில் காற்று இல்லை. ஆனாலும் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல் இருந்தது. அது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஊரைப் பார்த்து ஓடினார்கள்.

தனித்தனியாகப் போயிருந்தால் பெரிய வீட்டில் மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கு வாசலில் வைத்தியரும் வாத்தியாரும் தலையாரியும் தோளோடு தோள் நின்றார்கள். பெரியப்பன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஊஞ்சல் கதையைச் சொல்ல வாயெடுத்தார். வாத்தியாரைப் பார்த்தார், தலையாரியைப் பார்த்தார். ஆளுக்கொரு கதை சொல்லிப் பழகியவருக்கு மூவருக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு கதை இல்லை.

செவந்தி நெற்குதிருக்குப் பின்னால் கிடந்தாள். உயிர் இருந்தது.

வைத்தியர் அவளைத் தம் வீட்டுக்குத் தூக்கிப் போனார். தலையாரி பெரியப்பனைப் போலீஸ் கச்சேரிக்கு இழுத்துப் போனார். வாத்தியார் அவளுக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும்போது கண்ணைத் திறந்தவள், வைத்தியர் மனைவியிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“என்னை எப்பத் திருப்பி அனுப்புவீங்க?”

“அனுப்ப மாட்டோம்டா கண்ணு.”

அவள் அதை நம்பவில்லை. ஆனாலும் தூங்கினாள்.

மறுநாள் உச்சிவேளை. மாசிலாமணி வாசலைக் கூட்டப் போனார். மனம் நிறைந்திருந்தது. கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டார்.

படியில் ஒரு கை கிடந்தது.

செவந்தியின் கையைவிடச் சின்னது. பால்குடி மறந்த பிள்ளையின் கை அளவு. சூளைச் சூடு இன்னும் ஆறவில்லை.

அதை மேல்துண்டில் ஏந்திக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்.

“அம்மா! இன்னொண்ணு வந்திருக்கு. இது வேற பிள்ளை!”

குருவம்மா கண்ணைத் திறக்கவில்லை.

“யார் யார்கிட்டக் காட்டினே?”

“யார்கிட்டயும் இல்லம்மா. நேரா உங்ககிட்டதான் கொண்டுவந்தேன்.”

“மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கலாமா? நானும் மண்குதிரைதான், மாசிலாமணி. ஊருக்குள்ள ஓடு.”