துளை போடாத உருண்டை

கையில மண்ணை எடுத்துக்கிட்டீங்களா? சரி, உருட்டிக்கிட்டே கேளுங்க. நடுவுல கேள்வி கேட்டா எனக்குக் கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, கடலுக்கு உப்புப் போட்ட புதுசுல, சிப்பிக்கரைன்னு ஒரு ராஜ்யம். அதுக்கு ஒரு ராஜாவும் உண்டு. அவருக்கு இந்தக் கதையில வேலை இல்ல, தூங்கட்டும். அந்த ஊர்ல கிறிஸ்துமஸ் வந்தா வாசல்ல ஒரு சவுக்குக் கிளையை நட்டு, மண்ணுல செஞ்ச நட்சத்திரம், மணி, புறான்னு தொங்க விடுவாங்க. அதோட வீட்டுல ஆளுக்கொரு உருண்டை. மண்ணை ரெண்டு சின்னக் கிண்ணமாக் குழிச்சு, யாருக்குச் செய்றாங்களோ அவங்க பேரை உள்ள சொல்லி, ரெண்டையும் ஒட்டி மூடுவாங்க. மூடின கையோட ஈச்ச முள்ளால ஒரு துளை. துளை இல்லன்னா உள்ள அடைபட்ட காத்து சூளையில சூடேறி, உருண்டை வெடிச்சுச் சிதறிடும். அந்த ஊர்ல நண்டு சிண்டுக்குக்கூட இது தெரியும்.

தெக்கிளாவுக்குத் தெரியாதா? ஊருக்கே உருண்டை பிடிச்சுக் குடுக்கிறவ அவதான். அவ புருஷன் கடலுக்குப் போனவன், போனவன்தான். மிச்சம் இருந்தது மக பிரகாசி ஒருத்தி. ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்குற நேரம், மழை விடாம ஊத்துது, பிரகாசி காய்ச்சல்ல விழுந்துட்டா. கஷாயம் குடுத்தா, இறங்கல. நெத்தியில பத்துப் போட்டா, இறங்கல. கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனா, அப்பவும் இறங்கல. புள்ளைக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. தெக்கிளா பித்துப் பிடிச்சவ மாதிரி மகளுக்கு உருண்டை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

அப்பத்தான் சவுக்குத்தோப்புல தனியா இருக்குற ஒரு மந்திரவாதி, மேல ஒரு சொட்டு படாம ஓலைக்குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னான். அடுப்பு எரியுதுன்னு உள்ள வரல, வாசப்படியிலயே நின்னான். "பேரைச் சொல்லி மூடு தெக்கிளா. துளை மட்டும் போடாதே. மூச்சு வெளிய போனாத்தானே சாவு?" அப்படின்னான். மூணாவது கிறிஸ்துமஸ்ல உருண்டை நல்லாக் காஞ்சிடும், அப்ப வந்து என் மரத்துல தொங்கவிட எடுத்துக்குவேன், உருண்டை எங்க இருக்கோ அங்கதான் புள்ளையும் இருக்கும்னு அதையும் சொன்னான். மறைக்கல. தெக்கிளா காதுல அது ஏறல. புள்ளை சாகப் போகுதுன்னா யாருக்குத்தான் ஏறும்? பேரைச் சொன்னா, மூடினா, முள்ளைத் தூக்கி அடுப்புல போட்டா.

காய்ச்சல் அப்பவே இறங்கிடுச்சு. பிரகாசி எந்திரிச்சு உக்காந்தா. ஆனா சாப்பாடு கேக்கல. அழல. சிரிக்கல. கூப்பிட்டா வருவா, உக்காருன்னா உக்காருவா. கையைத் தொட்டா பானை வயித்தைத் தொட்ட மாதிரி சில்லுனு இருக்கும்.

உருண்டையைச் சூளையில வைக்க முடியாது, வெடிச்சிடும். மழையில காட்ட முடியாது, கரைஞ்சிடும். தெக்கிளா அதை நெல்லு உமிக்குள்ள பொதைச்சு வச்சா. மகளையும் அப்படித்தான். மழைக்கு வெளிய விடல, அடுப்புகிட்ட விடல, ஒரு புள்ளையோட விளையாட விடல.

அடுத்த கிறிஸ்துமஸ் வந்துச்சு. மந்திரவாதி வாசப்படியில நின்னான்.

"மண்ணு காஞ்சுதா, தெக்கிளா? மனசு ஆறிச்சா?"

ஆறிடுச்சுன்னா அவ. பொய்தான், பின்ன என்ன?

அதுக்கு அடுத்த கிறிஸ்துமஸும் வந்துச்சு. "மண்ணு காஞ்சுதா, தெக்கிளா? மனசு ஆறிச்சா?" அவ கதவைச் சாத்திட்டா.

மூணாவது கிறிஸ்துமஸ் நெருங்குச்சு. புதுச் சட்டை தைக்க பிரகாசியைத் தையக்காரர் கபிரியேல்கிட்டக் கூட்டிட்டுப் போனா. அவரு நாடாவை எடுக்கவே இல்ல. அளவெல்லாம் எதுக்கும்மா, போன வருஷ அளவுதானே, அதுக்கு முந்தின வருஷமும் அதேதானேன்னு சாதாரணமாச் சொல்லிட்டு, துணியை வெட்டப் போயிட்டாரு. தெக்கிளா மகளைத் திரும்பிப் பாத்தா. மக வயசுப் புள்ளைங்க எல்லாம் வளந்து நிக்குது. இவ மட்டும் அதே அளவுச் சட்டையில நிக்கிறா.

வீட்டுக்கு வந்து உமியைக் கிளறி உருண்டையை எடுத்தா. துளை போட்டுடணும்னு முடிவு பண்ணிட்டா. ஆனா காஞ்ச மண்ணுல குத்துனா முள்ளு ஒடிஞ்சு போகும். தண்ணியில போட்டா உருண்டை கரைஞ்சு போகும். ஈரத்துணியைச் சுத்தி, துணி காயக் காய நனைச்சு, பொறுமையா இருக்கணும். இருந்தா. துணி நனைய நனைய பிரகாசியோட கன்னம் பதமாகுது. விரல் பட்டாப் பதியுது. ஆனாலும் தெக்கிளா விடல.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு மத்தியானம், இருட்டிக் கட்டிக்கிட்டு மழை. மந்திரவாதி ஓலைக்குடையோட வந்துட்டான்.

"மண்ணு காஞ்சுதா, தெக்கிளா? மனசு ஆறிச்சா?"

காயல, ஆறவும் இல்லன்னு சொல்லி, அவ புது முள்ளைக் கையில எடுத்தா. அவன் பதறிட்டான். குத்துனா மூச்சுப் போயிடும், புள்ளையும் போயிடும்னு கெஞ்சினான். கெஞ்சுறப்போ வாசக்கால்ல அவன் முழங்கை இடிச்சுது. காலிப் பானை சத்தம்.

மண்ணு வேலை பாக்குறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? தெக்கிளா அவனை மேலயும் கீழயும் பாத்தா. மூணு வருஷமா இவன் ஏன் அடுப்புப் பக்கமே வரலைன்னு அவளுக்கு இப்பப் புரிஞ்சுது.

"உனக்கும் துளை போடலையா?" ன்னு கேட்டா.

அவன் மடியிலேருந்து ஒரு பழைய உருண்டையை எடுத்துக் காட்டினான். அவன் அம்மா பிடிச்சது. அவனுக்கும் சின்ன வயசுல காய்ச்சலாம், அவளுக்கும் பயமாம். எந்தக் காலத்து உருண்டைன்னு அவனுக்கே தெரியல.

"பசிச்சதே இல்ல, தெக்கிளா. அழுகையும் வந்ததில்ல. எங்கம்மா செத்தப்பகூட வரல. இது என் மரத்துல ஒத்தையிலயே தொங்கும், துணைக்கு இன்னொண்ணு இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

தெக்கிளா ஒரு நிமிஷம் கண்ணை மூடினா. எம்மக சாகட்டும், இப்படி இருக்க வேண்டாம். அப்படித்தான் நெனச்சா பாவி, ஒரு தாயி அப்படி நெனைக்கிற நெலமை எதிரிக்கும் வரக்கூடாது. முள்ளைக் குத்துனா.

உஸ்ஸுன்னு காத்து வந்துச்சு. அந்தக் காத்துல தெக்கிளாவோட பழைய குரலே, பிரகாசின்னு கூப்பிட்டுக்கிட்டு வெளிய போச்சு. புள்ளை அப்படியே சரிஞ்சு விழுந்தா. மூச்சு இல்ல. மழை கொட்டுற சத்தம் மட்டும் கேக்குது. சொன்னேனேன்னு மந்திரவாதி தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்தான். தெக்கிளா மகளை மடியில போட்டுக்கிட்டு, துளையையே பாத்துக்கிட்டு இருந்தா.

துளைன்னா ஒரு பக்கம் மட்டுமா? போன காத்து அதே துளை வழியாத் திரும்பி உள்ள வந்துச்சு. போச்சு, வந்துச்சு. போச்சு, வந்துச்சு. பிரகாசியோட நெஞ்சு ஏறி இறங்குது. கண்ணைத் தொறந்தா, முகத்தைச் சுளிச்சா, மூணு வருஷத்து அழுகையும் சேத்து ஒரு அழுகை அழுதா.

"அம்மா, பசிக்குது."

தெக்கிளா கஞ்சிப் பானைக்கு ஓடினா. திரும்பி வந்து பாத்தா, மந்திரவாதி வாசப்படியைத் தாண்டி அடுப்போரமா நிக்கிறான், உருண்டையை நீட்டிக்கிட்டு. காஞ்சு கல்லாயிருக்கு, நனைச்சு வைக்கிறேன், பொறுன்னா அவ. பொறுத்தது போதும்னு தலையை ஆட்டிட்டு, குடையைப் போட்டுட்டு அவனே மழையில போய் நின்னான். உருண்டை நனைஞ்சு எளகுச்சு. தெக்கிளா நனைஞ்சுக்கிட்டே போய் முள்ளைக் குத்துனா. உள்ளேருந்து ஒரு பொம்பளைக் குரல், எத்தனையோ காலத்துக்கு முந்தின குரல், சூசைன்னு கூப்பிட்டுச்சு.

"இந்தா வந்துட்டேம்மா," ன்னான் அவன். கண்ணுலேருந்து தண்ணி வந்துச்சு. கன்னம் கரைஞ்சுது, தோள் கரைஞ்சுது, ஆளு மொத்தமும் கரைஞ்சு வாசல்ல ஒரு கூடை மண்ணாக் கெடந்தான்.

தெக்கிளா அந்த மண்ணை அள்ளி வச்சா. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அதுலதான் ஒரு உருண்டை பிடிச்சு, சூசைன்னு பேரைச் சொல்லி, துளை போட்டு, தன் வீட்டுக் கிளையிலயே தொங்கவிட்டா.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போன வருஷச் சட்டையைப் போட்டுப் பாத்தாங்க. பிரகாசிக்குத் தோளுக்கு மேல இறங்கவே இல்ல. கபிரியேல் நாடாவை எடுத்து அளந்தாரு. தெக்கிளா ஓரமா உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தா, அவருக்கு ஏன்னு புரியல.

கதையைச் சொன்னவ வாய் காஞ்சிடுச்சு, உங்க கையில மண்ணு இன்னும் காயல. முள்ளை எடுங்க.