சடைச்சியின் குளியலறை ஜன்னல்

மலையடிவாரக் காட்டில் கொம்பையன் என்ற கரடியும் அவன் மனைவி சடைச்சியும் ஒரு குகையில் குடியிருந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பாறை ஒன்று உருண்டு வந்து சடைச்சியின் பின்னங்காலை நசுக்கிவிட்டது. எலும்பு கூடியது, வலி மட்டும் போகவில்லை. சரிவில் இறங்கி ஆற்றுக்குக் குளிக்கப் போக அவளால் முடியவில்லை.

"குளிக்காம என் உடம்பு எனக்கே நாறுதுங்க!" என்று அவள் கண் கலங்கினாள்.

கொம்பையனுக்கு மனசு கேட்குமா? குகையை ஒட்டி ஓர் ஊற்று இருந்தது. அதைச் சுற்றிக் கல்லும் மண்ணும் வைத்துச் சுவர் எழுப்பினான். அவள் இறங்கி உட்காரத் தொட்டி வெட்டினான். எதிர்மலை தெரியும்படி ஒரு ஜன்னலும் வைத்தான்.

"ஜன்னலுக்கு அடியில திண்டு மாதிரி ஒண்ணு போட்டுடறேன், சடைச்சி! தொட்டியை விட்டு எழுந்திருக்கும்போது நீ அதுல கை ஊன்றிக்கலாம்!" என்றான்.

திண்டின் மேல் எதைப் பதிப்பது? மேலே பறந்துபோன மரங்கொத்தியைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"பலாப்பலகை போடுங்க அண்ணே! தங்கம் மாதிரி மினுங்கும். என் வீடே பலா மரத்துலதான் இருக்கு. ஒரு குறை உண்டா?" என்றது மரங்கொத்தி.

கொம்பையன் அன்றைக்கே விழுந்து கிடந்த பலா மரத்தைத் தேடிப் போனான். பலகையை நகத்தால் செதுக்கினான், மணல் போட்டுத் தேய்த்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அதைப் பொருட்படுத்தாமல் பலகையைத் திண்டில் பதித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்று சடைச்சி பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். கொம்பையனுக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த ஊற்றில் சொர்ணம் என்ற தவளையும் இருந்தாள். சடைச்சி குளிக்கும்போதெல்லாம் அவள்தான் பேச்சுத்துணை.

நாட்கள் போயின. சடைச்சி உடம்பை உதறும்போதெல்லாம் தண்ணீர் பலகையில் தெறித்தது. தெறித்த தண்ணீர் வடியாமல் அங்கேயே நின்றது. பலகை உப்பியது. ஓரங்களில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. ஒரு மூலையைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது.

"அக்கா, பலகை உளுத்துப்போச்சு! அண்ணன்கிட்ட சொல்லிடு!" என்றாள் சொர்ணம்.

"மூச்சு விடாதே! அவர் கையைப் பார்த்தியா? தோல் உரிய உரியத் தேய்ச்ச பலகை இது. எப்படி சொல்றது?" என்றாள் சடைச்சி. உளுத்த மூலையைப் பெரணி இலையால் மூடிவைத்தாள்.

ஒருநாள் கொம்பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். இலைக்கு அடியில் இருந்தது அவன் கண்ணில் படவில்லை. பலகை மங்கியிருந்தது மட்டும் தெரிந்தது.

"மினுமினுப்பு போயிடுச்சே! என் சடைச்சி ஆசைப்பட்ட பலகையாச்சே!" என்று வருந்தினான். தேனடையைப் பிழிந்து மெழுகு எடுத்தான். பலகை முழுக்க வழவழவென்று பூசினான். மெழுகோடு கொஞ்சம் தேனும் ஒட்டிக்கொண்டது. சும்மா விடுமா எறும்பு? சாரி சாரியாக வந்துவிட்டது.

மறுநாள் சடைச்சி குளித்து முடித்து, எழுந்திருக்கப் பலகையில் கை ஊன்றினாள். மெழுகில் கை வழுக்கியது. பதறிப்போய் மூலையைப் பிடித்தாள். மூலை மளுக்கென்று முறிந்தது. பொத்தென்று தொட்டிக்குள் விழுந்தவளின் தலைக்கு மேல் தண்ணீர் போனது. வலித்த கால் மடங்கி அடியில் மாட்டிக்கொண்டது.

"அண்ணே! ஓடி வாங்க! அக்கா மூழ்குறா!" என்று சொர்ணம் காடே அதிரக் கத்தினாள்.

கொம்பையன் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்து மனைவியை வாரி எடுத்தான். அவள் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். அப்போதுதான் முறிந்த மூலையும் இலையும் அவன் கண்ணில் பட்டன.

"உளுத்துப்போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"உங்க மனசு நோகுமேன்னுதான்..."

"பலகை போனா எனக்கு என்ன? நீ போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்!" என்று கொம்பையன் விக்கி விக்கி அழுதான். பிறகு தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். "நானும் யோசிக்கலையே! மரங்கொத்தி வீடு உச்சிக்கிளையில இருக்கு. காத்தும் வெயிலும் படுது. இங்கே எந்நேரமும் தண்ணியாச்சே!"

கால் வீக்கம் வடிந்ததும் அவனே சடைச்சியை முதுகில் சுமந்துகொண்டு கல் தேடிப் போனான். கண்ணில் பட்ட ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் ஊற்றினார்கள். செம்பாறைத் துண்டு தண்ணீரைக் குடித்தது. கூழாங்கல் பளபளத்தது, ஆனால் சடைச்சியின் கை அதில் நிற்கவில்லை. பளபளப்பே இல்லாத ஒரு கருங்கல் பலகையில் ஊற்றியபோது தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிட்டது. சடைச்சி அதில் கை ஊன்றி அழுத்திப் பார்த்தாள். வழுக்கவில்லை.

"பார்க்க லட்சணமா இல்லையே!" என்று கொம்பையன் இழுத்தான்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. இந்தத் தடவை எதையும் மறைக்காம சொல்றேன்!" என்று சிரித்தாள் சடைச்சி.

கல்லைத் தட்டையாக வைக்காமல், தண்ணீர் தேங்காதபடி வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்துப் பதித்தான் கொம்பையன். முதல் குளியலின்போது அவன் வாசலிலேயே நின்றான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். உள்ளே தண்ணீர் சலசலத்தது. பிறகு அமைதி. பிறகு சடைச்சி ஈரம் சொட்டச் சொட்டத் தானே நடந்து வெளியே வந்தாள்.

"இங்கேயே நின்னுக்கிட்டு இருந்தீங்களா? போய் நீங்களும் குளிங்க! உங்க மேல தேன் நாத்தம் தாங்கலை!" என்றாள்.

அன்போடு செய்து கொடுக்கும் பொருளாக இருந்தாலும், அழகைப் பார்த்து அல்ல, அது இருக்கப்போகும் இடத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.