சங்கிலிமுத்துவின் ஒரே மூச்சு

வெண்ணாவல் நாட்டை ஆண்ட மகுடவர்மருக்கு யானை ஐம்பது, குதிரை ஐந்நூறு, இணைய இணைப்பு ஒன்று. யானையும் குதிரையும் சொன்ன பேச்சைக் கேட்டன.

இணைப்பைக் கொடுத்தவர் அம்பலவாணர் என்ற வியாபாரி. ‘மின்னல் வேகம்’ என்று சந்தைக்குச் சந்தை கூவி விற்றார். மாதத்தின் முதல் வாரம் மின்னலாகத்தான் இருக்கும். அப்புறம் நொண்டும். ஏன் நொண்டுகிறது என்று நாட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கடல் கடந்து வாக்கப்பட்டுப் போன மகளின் குழந்தைக்கு ஒருநாள் சோறூட்டு விசேஷம். மன்னர் பட்டுடுத்தித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். மருமகன் கரண்டியை எடுத்தார். கரண்டி குழந்தையின் வாய்க்கு நாலு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. அரை மணி நேரம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அரண்மனைச் சோதிடர் அதைச் சுதர்சனச் சக்கரம் என்றார். மன்னரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சக்கரம் நிற்பதாக இல்லை. பேத்தி சிரித்தாளா, முகம் சுளித்தாளா என்று தெரியாமலே எழுந்து போனார். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட அவர் பல்லில் படவில்லை.

மறுநாள் நன்னனுக்கு அழைப்பு வந்தது. சபையில் மூளைக்காரன் என்று பெயரெடுத்தவன் நன்னன். இந்த இணைப்பைச் சிபாரிசு செய்த பாவமும் அவனுடையதுதான்.

“வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. அதுவும் பாதியில் நின்றால், நீ நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். நடந்தே” என்றார் மன்னர்.

“நடுவில் இரண்டு கடல் இருக்கிறதே, அரசே?”

“அது உன் பாடு.”

“அம்பலவாணரைக் கூப்பிட்டு அதட்டினால் என்ன?”

“எதைச் சொல்லி அதட்டுவது? வியாபாரி தன் நிபந்தனைகளைத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவர் வாரா வாரம் போடுகிறார். சட்டப்படி நடப்பவரை நானே எப்படித் தண்டிப்பது?”

நன்னனுக்கு நீச்சலும் தெரியாது. நேரே சந்தைக்குப் போனான்.

அங்கே அம்பலவாணரின் தண்டோராக்காரன் சங்கிலிமுத்து நின்றிருந்தான். “மின்... னல்... வே... கம்...” என்று ராகம் போட்டு இழுத்தான். அவன் இழுத்து முடிப்பதற்குள் பக்கத்தில் ஒருவர் கத்தரிக்காய் பேரமே முடித்துவிட்டார். பிறகு “நிபந்தனைக்குட்பட்டதுநூறுஜிபிதாண்டினால்மாதக்கடைசிவரைவேகம்நூறில்ஒருபங்குதான்” என்று ஒரே மூச்சில் விட்டு, டம் என்று ஓர் அடி அடித்தான். பூக்காரம்மா ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டாள்.

“கடைசியில் என்னமோ சொன்னாயே, அதை மெதுவாகச் சொல்லப்பா” என்றான் நன்னன்.

“மெதுவாச் சொன்னா மறந்துரும் சாமி. இந்த ஓட்டத்துலதான் பாடம். மொதலாளி மூணு மாசம் பழக்குனாரு.”

அவனை ஒன்பது தடவை சொல்லவைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தான் நன்னன். சேர்த்துப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்: மாதத்துக்கு நூறு ஜிபி வரைக்கும் மின்னல். அதற்குமேல் மாதம் முடிகிறவரை ஆமை. அவனுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு, கடல் வரைக்கும் நடக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சபை கூடியது. அம்பலவாணர் சந்தனம் மணக்க வந்து நின்றார். “நான் எதையும் மறைக்கவில்லை, அரசே. எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லியிருக்கிறேன்” என்றார்.

நன்னன் சங்கிலிமுத்துவை முன்னால் நிறுத்தினான். அவன் ஒரே மூச்சில் விட்டான். டம்!

“யார் தும்மியது?” என்றார் மன்னர்.

“அதுதான் நிபந்தனை, அரசே” என்றான் நன்னன். அம்பலவாணர் பக்கம் திரும்பினான். “ஐயா, இவன் நிபந்தனையைச் சொல்லி முடித்த வேகம் நியாயமான வேகம்தானே?”

“சந்தேகமென்ன? மிக நியாயமான வேகம்.”

“அரண்மனை இணைப்பு இப்போது ஓடுகிற வேகம்?”

“அதுவும் நியாயமான வேகம்தான். எங்கள் கொள்கையின் பெயரே ‘நியாயமான பயன்பாடு’.”

“இரண்டும் நியாயமென்றால் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதில் உமக்கு நஷ்டமில்லையே? இணைப்பு இனிமேல் சங்கிலிமுத்துவின் வேகத்தில் ஓடட்டும். சங்கிலிமுத்து இணைப்பின் வேகத்தில் நிபந்தனையைச் சொல்லட்டும்.”

“அரசே, நான் சொன்னது...” என்று தொடங்கினார் அம்பலவாணர்.

“சபையில் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான்” என்றார் சட்டத்துக்கு அஞ்சுகிற மன்னர்.

உடனே சந்தையில் தண்டோரா தொடங்கியது. “நி...” டம். கொஞ்சம் இளைப்பாறல். “ப...” டம். சங்கிலிமுத்துவுக்கு மெதுவாகச் சொன்னால் மறந்துவிடுமல்லவா? அதனால் முதலாளியே பக்கத்தில் வெயிலில் நின்று ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. உச்சிப்பொழுதில் நிபந்தனை முடிந்தது. சந்தை மொத்தமும் சுற்றி நின்று கேட்டது.

“இத்தன நாளும் இதையா கும்பிட்டேன்?” என்றாள் பூக்காரம்மா. அவள் குரலைக் கேட்டதும் அம்பலவாணர், நாட்டிலுள்ள எல்லா இணைப்புகளுக்கும் போட்டிருந்த நூறு ஜிபிக் கட்டை அவிழ்த்துவிட ஆளனுப்பினார்.

பிற்பகல் காதுகுத்து. ஊசி பட்டதும் பேத்தி வீலென்று அழுதாள். அழுகை அந்த நொடியே அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. வட்டம் சுற்றவில்லை. ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டு இத்தனை சந்தோஷப்பட்ட தாத்தா உலகத்தில் இருக்க மாட்டார். மகுடவர்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நன்னா! உனக்கு... ஒரு... வெள்ளைக்... குதிரை... பரிசு...” என்று ராகம் போட்டு இழுத்தார். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “பத்துக்காதம்தாண்டினால்மாதக்கடைசிவரைநீதான்அதைச்சுமக்கவேண்டும்” என்றார்.

குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நன்னன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“அரசே, அந்தக் கடைசி வரியை இன்னும் ஒன்பது தடவை சொல்லுங்கள்” என்றான்.